குழாய்க்காரர் கட்டிய பரிவட்டம்

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள்:

வெயிலுமுத்து. கருவேலங்குளத்தில் விசேஷங்களுக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிற ரேடியோ செட் வைத்திருப்பவர். புகார் கொடுத்தவர்.

பால்துரை. அவருடைய தம்பி. போன அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குழாய் கட்டும்போது கம்பத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவன்.

சந்தனமாரி. பால்துரையின் மனைவி. புருஷனை அறையில் போட்டுப் பூட்டுகிறாள் என்று புகாருக்கு ஆளானவள்.

டாக்டர் ஹெப்சிபா. தலைக்காயப் பிரிவு.

பிச்சைக்கண்ணு. நலத்துறை அலுவலர். சொட்டைத் தலை. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

மேஜைமேல், வெள்ளைத் துணி சுற்றிய ஒரு பட்டை.

வெயிலுமுத்து வேட்டிக்குக் கஞ்சி போட்டு மொடமொடவென்று கட்டியிருந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்தவர் மாதிரி இல்லை, பெண் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தார். நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்று நம்புகிறவனுக்குத் தானாகவே ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது. மாரி மூலையில் நின்றாள். பால்துரை நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, சுழலும் மின்விசிறியைப் பரம எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்களுடையது அப்பா காலத்திலிருந்தே ரேடியோ செட் குடும்பம். உலகம் எங்கெங்கோ போய்விட்டது. டிரைவர் இல்லாத பஸ் ஊர் முக்கு வரை வந்து தானே திரும்பிப் போகிறது. ஆனால் அம்மன் கொடைக்குக் குழாய் கட்டுவது மட்டும் மாறவில்லை. குழாய் அலறாத கொடையை அம்மன் ஏற்றுக்கொள்ள மாட்டாள் என்பது ஊர் நம்பிக்கை. அண்ணன் ஆம்பிளிபயரில் உட்காருவார். தம்பி தெருக்கோடியில், கடைசிக் குழாய்க்கு அடியில் போய் நிற்பான். அந்த இரைச்சலில் கத்தினாலும் கேட்காது, போன் செய்தாலும் கேட்காது. கைதான் பேச்சு. கட்டைவிரலை உயர்த்தினால், ஏற்று. உள்ளங்கையால் கீழே அமுக்கினால், இறக்கு. முஷ்டியை மடக்கி நெஞ்சில் வைத்தால், மொத்தமாக நிறுத்து, எங்கேயோ ஷார்ட் அடிக்கிறது. இருபது வயதிலிருந்து பால்துரை இந்த மூன்று சைகையில் அண்ணனோடு பேசியதுதான் அதிகம். வாயால் பேசினால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று பயப்படுகிற தம்பி அவன்.

போன கொடையில் கயிறு நழுவியது. விழுந்தான். சில நாள் நினைவில்லாமல் கிடந்தான். பிறகு எழுந்தான், நடந்தான், சாப்பிட்டான். தையல் போட்ட இடத்தில் முடி முளைத்து மூடிக்கொண்டது. அம்மன் காப்பாற்றிவிட்டாள் என்று ஊர் பொங்கலிட்டது. கை ஒடிந்தவனுக்குக் கட்டு இருக்கும். கால் போனவனுக்கு ஊன்றுகோல் இருக்கும். மூளையில் அடிபட்டவனுக்கு வெளியே காட்டுவதற்கு ஒன்றும் கிடையாது. அதனால் அவனை யாரும் நம்புவதில்லை.

வீட்டுக்கு வந்தவன் வேறு ஆளாக இருந்தான். 'அண்ணாச்சி' என்று குனிந்து நின்றவன் 'ஏ வெயிலு' என்றான். துக்க வீட்டில் போய், "பொணத்துக்கு மேக்கப் பிரமாதம்" என்று உரக்கச் சொன்னான். பாதிக் குளியலில் எழுந்து சோப்பு நுரையோடு வெளியே வந்தான். மத்தியானம் ஆனால் அடித்துப் போட்டதுபோல் படுத்துக்கொண்டான். மாரி சோற்றுத் தட்டைக் கொண்டுவந்தால் முகத்தைச் சுளித்துத் திரும்பிக்கொண்டான். ஏன் என்று கேட்டால் அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

வெயிலுமுத்து இதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். "சத்தத்துல பொறந்து சத்தத்துல வளந்த பய. சத்தந்தான் அவனுக்கு மருந்து." சாயங்காலமானால் ஒரு குழாயையும் சின்ன ஆம்பிளிபயரையும் வண்டியில் வைத்துக்கொண்டு தம்பி வீட்டு முற்றத்துக்கு வந்துவிடுவார். குழாயைத் தம்பி படுத்திருக்கும் அறைப்பக்கம் திருப்பி, அவனுக்குப் பிடித்த பாட்டாகப் போடுவார். முதல் நாளே பால்துரை வெளியே வந்து உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினான்.

வெயிலுமுத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா மாரி! தொழில மறக்கல பாத்தியா!"

இறக்கினார். மறுபடியும் காட்டுகிறானா என்று பார்க்க ஏற்றினார். காட்டினான். இன்னும் ஏற்றினார். இன்னும் வேகமாகக் காட்டினான். ஒருநாள் முஷ்டியை மடக்கி நெஞ்சில் வைத்தான். வெயிலுமுத்து பாட்டை நிறுத்தி, கைதட்டி, "சரியாச் சொல்லுதான்ல!" என்று கூவிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டார். டீக்கடையில் உட்கார்ந்து, தம்பி தேறி வருகிற கதையைக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னார். கல்மனசுக்காரர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. பாசம்தான். பாசத்துக்குக் காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்.

பிறகு ஒரு சாயங்காலம் அந்த அறைக்கதவில் பெரிய பித்தளைப் பூட்டு தொங்கியது.

"தூங்குதாக அத்தான்," என்றாள் மாரி. மறுநாளும் தூங்கினான். அதற்கடுத்த நாளும். வெயிலுமுத்து பக்கவாட்டில் போய் ஜன்னல் இடுக்கில் பார்த்தார். கறுப்புத் துணி போட்டு மறைத்த இருட்டில் தம்பி ஒரு மூட்டையைப்போல் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே புகார் கொடுத்தார். தம்பியை என் வீட்டுக்கு அனுப்புங்கள், நான் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவர் வீடு, குழாய்களை அடுக்கிச் சோதித்துப் பார்க்கிற ரேடியோ செட் கொட்டடிக்கு மேல்மாடி.

"புகார் ஞாயந்தான்னு தெரிஞ்சா இன்னைக்கே உங்ககூட அனுப்பிருவோம்," என்றார் பிச்சைக்கண்ணு. "ஆனா அதுக்கு முன்னால புகார் கொடுத்தவர் இந்தப் பட்டையைக் கட்டிப் பாக்கணும். அது சட்டம்."

டாக்டர் ஹெப்சிபா பட்டையைக் கையில் எடுத்தாள். "அண்ணாச்சி, துரையோட மூளை இப்ப எப்படி வேலை செய்யுதுன்னு இதுல பதிவு பண்ணி வச்சிருக்கோம். இதை உங்க தலையில கட்டினா, கொஞ்ச நேரத்துக்கு உங்க மூளையும் அதே மாதிரி ஆகும். காயம் எதுவும் ஆகாது. அவுத்ததும் சரியாப் போயிரும்."

"வலிக்குமோ?"

"வலின்னு சொல்ல முடியாது."

"பின்ன என்னன்னு சொல்லணும்?"

"அதைச் சொல்ல முடிஞ்சா இந்தப் பட்டையே தேவையில்ல அண்ணாச்சி." டாக்டர் மாரியைப் பார்த்தாள். "ஒரே ஒரு ஆளுதான் கட்டலாம். அதுவும் ஒரு தடவைதான். அடுத்த தலைக்கு மாத்தினா பதிவு கலைஞ்சு போகும். என்னைக் கேட்டா, கூடவே இருக்கிற மாரி கட்டுறதுதான் நல்லது. புகார் கொடுத்தவர் சம்மதிச்சா மாத்திக்கலாம்."

மாரி அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதமாக அந்தத் தலைக்குள் என்ன நடக்கிறது என்று ஊகித்து ஊகித்தே சமைத்தவள், துவைத்தவள், தூங்கியவள். பசித்தவன் இலையைப் பார்ப்பதுபோல் இருந்தது அவள் பார்வை.

அப்போது வெளியே ஒரு நர்ஸ் இன்னொருத்தியிடம், "பரிவட்டம் கட்டியாச்சா?" என்று கேட்டது உள்ளே விழுந்தது. அந்த வார்டில் அதற்கு அதுதான் பெயர். கோயிலில் கட்டுவதுபோல் தலையில் கட்டுவதால் யாரோ வேடிக்கையாக வைத்தது.

வெயிலுமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "பரிவட்டமா? அப்பம் பேச்சே இல்ல. எங்க குடும்பத்துல பரிவட்டம் மூத்தவனுக்குத்தான். அம்மன் கோயில்லயே கொடைக்குக் கொடை எனக்குத்தான் கட்டுதாவ. பொம்பளப்பிள்ள தலையில கட்டிட்டு நான் பாத்துக்கிட்டு இருக்கவா?"

"இது மரியாதை இல்லை அண்ணாச்சி, வைத்தியம்."

"எதுவா இருந்தா என்ன. மொறைன்னு ஒண்ணு இருக்குல்லா."

மாரி தலையைக் குனிந்துகொண்டாள். "அத்தானே கட்டட்டும் டாக்டர்."

"கட்டு, கட்டு," என்றான் பால்துரை. அன்று அவன் முதன்முதலாக வாயைத் திறந்தது அப்போதுதான். "வெயிலுக்குக் கட்டிவிடு. நல்லாருக்கும்."

டாக்டர் பட்டையைக் கட்டி, பின்னால் இருந்த பொத்தானை அழுத்தினாள்.

முதலில் ஒன்றும் இல்லை. "ஒண்ணுந் தெரியலய" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மின்விசிறி உள்ளே வந்துவிட்டது.

அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. காதுக்குள் இல்லை, மண்டைக்குள் வந்துவிட்டது. அதன் பின்னாலேயே டியூப்லைட்டின் ரீங்காரம். பிச்சைக்கண்ணு பேனாவைத் திறந்து மூடும் க்ளிக். வராந்தாவில் உருளும் தள்ளுவண்டி. தன் சட்டைக் காலர் கழுத்தில் உரசுவது. கஞ்சி போட்ட வேட்டி மடிப்பு தொடையில் குத்துவது. எல்லாம் ஒரே அளவில், எல்லாம் முதல் வரிசையில். மூலையில் மாரி சேலையைச் சரிசெய்தாள். அவள் கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று மோதின. அது கண்ணுக்குப் பின்னால் ஊசியாக இறங்கியது.

ஐம்பது வயது வரை சத்தத்தோடு வாழ்ந்தவர். ஆனால் தன் தலைக்குள்ளேயும் ஒரு ஆம்பிளிபயர் இருக்கிறது, அதில் ஒருத்தன் உட்கார்ந்து ஓயாமல் இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறான் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. மின்விசிறியை இறக்கி, விளக்கை இறக்கி, காலரை இறக்கி, பேசுகிறவன் குரலை மட்டும் ஏற்றி வைத்துக்கொண்டு, சம்பளம் கேட்காமல், சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தவன். அவன் இப்போது எழுந்து போய்விட்டான்.

"அண்ணாச்சி, மைக், ஆம்பிளிபயர், குழாய். எதை எதோட முதல்ல இணைப்பீங்க?" என்றாள் டாக்டர்.

'அண்ணாச்சி' புரிவதற்குள் 'குழாய்' போய்விட்டது. நடுவில் வந்தது எதுவோ. சின்னப் பையனாக இருக்கும்போதே தெரிந்த விஷயம். தெரியும் என்பதும் தெரிந்தது. ஆனால் அது இருக்கும் இடத்துக்குப் போகிற பாதையில் யாரோ மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

அவர் விழிப்பதைப் பார்த்து, காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார் பிச்சைக்கண்ணு. உதவி செய்கிற எண்ணத்தில் முகத்துக்கு நேரே குனிந்து, "ஐயா! உங்க பேரச் சொல்லுங்க!" என்று கத்தினார்.

"வாய மூடுல சொட்டத்தலையா!" என்றார் வெயிலுமுத்து.

வாயை விட்டுப் போனபிறகுதான் அவருக்கே கேட்டது. சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்து அனுப்புகிறவனும் போய்விட்டான் போலிருக்கிறது. நிறுத்த நினைத்தார். நாக்கு நிற்கவில்லை. "மாரி நல்லா சமைப்பா. எம் பொண்டாட்டி வைக்கிற கொழம்ப நாயி மோந்து பாக்காது."

பால்துரை தொடையைத் தட்டிச் சிரித்தான்.

வெயிலுமுத்துக்குச் சிரிக்கவும் தெரியவில்லை, வெட்கப்படவும் தெரியவில்லை. களைப்பு வந்தது. மலையைப் புரட்டிப் போட்டதுபோல் ஒரு களைப்பு. இத்தனைக்கும் அவர் செய்தது நாற்காலியில் உட்கார்ந்திருந்ததுதான். போதும் என்று சொல்ல வேண்டும். 'போதும்' என்ற வார்த்தை எங்கே வைத்தோம் என்று தேடினார். கிடைக்கவில்லை. கை தானாக எழுந்தது. முஷ்டி மடங்கியது. நெஞ்சில் போய் அமர்ந்தது.

"ஐயோ, நெஞ்சு வலி!" என்று அலறினார் பிச்சைக்கண்ணு. "தண்ணி! யாராவது தண்ணி கொண்டாங்க!" டாக்டர் பாய்ந்து வந்து நாடியைப் பிடித்தாள். நாற்காலி ஒன்று கவிழ்ந்தது. வெயிலுமுத்து முஷ்டியை இன்னும் அழுத்தி, இன்னும் அழுத்தி நெஞ்சில் வைத்தார். இத்தனை பேரில் ஒருத்தனுக்காவது புரியாதா?

பால்துரை எழுந்தான். அவசரப்படாமல் போய் மின்விசிறியை நிறுத்தினான். விளக்கை அணைத்தான். ஜன்னல் திரையை இழுத்துவிட்டான். பிச்சைக்கண்ணுவைத் தோளைப் பிடித்துத் திருப்பி, வாசலைக் காட்டி, சத்தமில்லாமல் வெளியே அனுப்பினான். பட்டையை அவிழ்க்கப் போன டாக்டர் கையை அப்படியே நிறுத்திக்கொண்டாள். பால்துரை அண்ணனின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். எதிரில் இல்லை, பக்கத்தில். முகத்தைப் பார்க்கவில்லை. எதுவும் கேட்கவில்லை. அண்ணனின் மடங்கிய முஷ்டியை எடுத்துத் தன் மடியில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்தான். கனமாக, அசைக்காமல்.

சத்தம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக அறை தன் அளவுக்குச் சுருங்கியது. டாக்டர் மெதுவாக வந்து பட்டையை அவிழ்த்தாள்.

இருட்டில் பால்துரையின் குரல் மட்டும் கேட்டது. "என்ன வெயிலு, பாட்டு நல்லாருந்துதா?"

முற்றத்தில் தம்பி காட்டிய கை ஒவ்வொன்றும் வெயிலுமுத்தின் கண்முன் வரிசையாக வந்து நின்றது. அதற்குத் தான் கைதட்டியதும்.

புகாரைத் திரும்பப் பெறுவதாக ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சொன்னார். சொல்லிவிட்டு, "சார், அந்தச் சொட்டை..." என்று இழுத்தார்.

"விடுங்கய்யா," என்றார் பிச்சைக்கண்ணு. "வீட்டுல எம் பிள்ளைக சொல்லுததுதான்."

பஸ்ஸில் பால்துரை காதில் பஞ்சை வைத்துக்கொண்டு முன் இருக்கையில் தூங்கிப்போனான். பின் இருக்கையில் வெயிலுமுத்து ஒரு ஓரம், மாரி மறு ஓரம். நடுவில் அவளுடைய கூடை.

"மாரி, ஒண்ணு கேக்கட்டா. அவன் இருட்டுல இருக்கணும்னு விரும்புதான், சரி. அதுக்கு வெளிய எதுக்குத் தாயி பூட்டு? அது பாவமில்லையா?"

"அந்த அறைக்குப் பின்பக்கம் ஒரு கதவு இருக்கு அத்தான். தோட்டத்துக்குப் போவுது. அது எப்பவும் தொறந்துதான் கெடக்கும். அவுக நெனச்சப்ப போவாக, வருவாக."

"பின்ன பூட்டு?"

"பூட்டு அவுகளுக்கு இல்ல அத்தான். உங்களுக்கு."

வெயிலுமுத்து கூடையைப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"தெனமுஞ் சொன்னேன். கொறச்சு வைங்கன்னு. உங்க பாட்டுச் சத்தத்துல எங்க கேட்டுச்சு?"

பஸ் இரண்டு ஊர்களைத் தாண்டியது. பிறகு மாரிதான் பேசினாள். "அத்தான், எனக்குக் கெடைக்க வேண்டியத நீங்க கட்டிக்கிட்டீக. அதனால எனக்குச் சொல்லணும். உள்ள எப்படி இருந்துது?"

ஊருக்கே மைக்கில் பேசுகிறவருக்கு வார்த்தை கிடைக்காமல் திண்டாட்டமாகப் போயிற்று. ஆம்பிளிபயரில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து போன கதையைச் சொன்னார். காலரைச் சொன்னார். வேட்டி மடிப்பைச் சொன்னார். மாரி மூச்சுவிடாமல் கேட்டாள்.

"அப்ப நான் சோறு கொண்டுபோனா மூஞ்சியத் திருப்புதாகள, அது?"

வெயிலுமுத்துக்குக் காரணம் தெரியும். சுமங்கலிப் பெண்ணிடம் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை அது. அதுவும் புருஷனின் அண்ணன் சொல்லக்கூடாது.

"சொல்லுங்க அத்தான்."

"உன்னை வெறுத்துத் திருப்பல தாயி. அத மட்டும் நான் அம்மன் மேல சத்தியம் பண்ணுவேன்." அவள் கையைக் காட்டினார். "வளையல்."

மாரி தன் கைகளைப் பார்த்தாள். இரண்டு கையிலும் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள். அவன் பிழைத்து எழுந்தபோது, பிழைத்தானே என்று கைநிறைய வாங்கிப் போட்டவை. ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள். முன் இருக்கையில் தூங்குகிறவனுக்குக் கேட்காதபடி, ஒவ்வொன்றையும் முந்தானையில் வைத்துச் சுற்றினாள்.

"ஏட்டி, வேண்டாம்டி! மொட்டக் கையோட ஊருக்குள்ள போனா என்னமும் சொல்லுவானுவ. புருசன் இருக்கும்போதே..."

"ஊருக்கு நீங்க சொல்லுங்க அத்தான். உங்ககிட்டத்தான மைக் இருக்கு."

சொன்னார். அந்த ஆவணிக் கொடைக்குக் குழாய் கட்டி முடித்ததும், 'அலோ, அலோ' என்று சோதித்துப் பார்க்கிற அதே மைக்கில், ஊர் கேட்கச் சொன்னார். எங்க வீட்டுப் பிள்ள கையில வளையல் இல்லன்னு எவனாவது வாயத் தொறந்தா அவன் வீட்டு விசேஷத்துக்கு எங்க குழாய் வராது என்றார். பேச்சு அடங்கியது. குழாய் அடங்கவில்லை. அதைக் குறைக்க ஊர் சம்மதிக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு கொடை, அம்மன் கோபித்துக்கொள்வாள், துரைக்காக வேண்டுமானால் அந்தத் தெருக் குழாயை மட்டும் வேறுபக்கம் திருப்பிக்கொள் என்றார்கள். தம்பியை வெளியூர் கூட்டிப்போகலாம் என்றால் பஸ்ஸும் புது இடமும் அவனுக்கு அதைவிட மோசம்.

அதனால் கொடைக்கு முந்தின வாரம், குழாய் கட்டுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் வெயிலுமுத்து தம்பி வீட்டில் கிடந்தார். வாழ்நாளெல்லாம் சத்தத்தைத் தூரம் அனுப்பியவர் அதைத் தடுக்கிற வேலையில் இறங்கினார். சுவரோடு தேங்காய்நார் மெத்தைகளைச் சாத்தினார். கதவு இடுக்கில் பழைய சாக்கைத் திணித்தார். மாரி சின்ன ஆம்பிளிபயரை வெளியே வைத்து ஏற்றுவாள். அவர் உள்ளே உட்கார்ந்து காதைத் தீட்டிக் கேட்பார். திருப்தியில்லை என்றால் இன்னொரு மெத்தை. பால்துரை காதில் பஞ்சோடு தோட்டத்துக் கோடி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, "வெயிலு, நீ பைத்தியம்லே," என்று அவ்வப்போது சொன்னான். அவருக்கு அது பழகிவிட்டது. 'அண்ணாச்சி'யில் இல்லாத ஒரு நெருக்கம் அதில் இருக்கிறதோ என்றுகூட ஒருமுறை தோன்றியது. வெளியே சொல்லவில்லை.

கொடை அன்று சாயங்காலம் ஆம்பிளிபயரைப் பக்கத்து ஊர் செட்டுக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்தார். அப்பா காலத்திலிருந்து அந்த நாற்காலியில் வெளி ஆள் உட்கார்ந்ததில்லை. மேளம் தொடங்கியது. வெயிலுமுத்து தம்பி வீட்டு முற்றத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். போனையும் சாவிக்கொத்தையும் எடுத்து மாரியிடம் கொடுத்தார். கஞ்சி போடாத பழைய வேட்டிதான் கட்டியிருந்தார்.

அப்போது அவருடைய குழாயே அவரைக் கூப்பிட்டது. "பரிவட்ட மரியாதை... வெயிலுமுத்து அண்ணாச்சி எங்கிருந்தாலும் கோயிலுக்கு வரவும்... வெயிலுமுத்து அண்ணாச்சி..."

"தேடிக்கிட்டு வந்துருவாகளே அத்தான்," என்றாள் மாரி.

"பின்னால தாழ்ப்பாப் போட்டாச்சு. நீ முன்னால பூட்டிரு. வந்தா, ஆளு இல்லன்னு சொல்லு."

உள்ளே போனார். இருட்டில் மெத்தைகளுக்கு நடுவே பால்துரை உட்கார்ந்திருந்தான். வெளியிலிருந்து அவர் பெயர் இன்னொரு முறை, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"ஏ வெயிலு, உன்னத்தான் கூப்பிடுதான்."

"கூப்பிடட்டும்."

தம்பிக்கு எதிரில் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்தார். பால்துரை உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினான். வெயிலுமுத்து வாசலைப் பார்த்து அதே சைகையைக் காட்டினார். மாரி தலையசைத்தாள். மொட்டைக் கையால் கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, பித்தளைப் பூட்டை மாட்டி, சாவியைத் திருப்பினாள்.